சந்தியில் அம்மாவை ஏற்றல்: இரண்டு நிமிடம்

தம்பி,

நீ அனுப்பிய பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. கைபேசியில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரித் தெரிந்ததால் சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடைக்குப் போய்த் தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கம். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்குத் தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது அந்தத் தாளில் நீ எழுதியதை விட நான் கீறியதுதான் கூட. கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "அம்மா ஏன் இப்பிடிக் கதைக்கிறா" என்று உன் மனைவி மேகலாவிடம் போய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்காதே. அவளும் இந்தக் கடிதத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

தலைப்பிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நாள் கடற்கரைப் பயணம்." நீ இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில். மாடி வீட்டு யன்னலைத் திறந்தால் கடல், றெயில் பாதையைக் கடந்தால் கடல். அந்தக் கடலை விட்டுவிட்டு, விடியப்புறம் மூன்று மணிக்கு வான் வண்டியில் ஏறி, ஒன்பது மணித்தியாலம் ஓடிவந்து, காரைநகர் கசூரினாக் கடற்கரையில் மூன்றேமுக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டு, அதே வானில் ஒன்பது மணித்தியாலம் திரும்பி ஓடுவாயாம். உன்னையா நான் கணக்கில் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்? அடுத்த மாதம் மெல்பேணுக்குக் குடிபோகிறோம், போக முதல் ஆரணி ஒரு தரமாவது யாழ்ப்பாணத்துக் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஆசை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஞாபகத்தில் நிற்குமோ தெரியாது, ஆனாலும் நல்ல ஆசை. அதற்கு நீ போட்ட திட்டம்தான் பேய்த் திட்டம்.

பிள்ளை வானில் ஏறினால் சத்தி எடுப்பாள் என்று போன மாதம்தான் நீயே சொன்னாய். மூன்று மணிக்கு எழுப்பி ஏற்றினால் வவுனியா தாண்ட முதல் உடுப்பு எத்தனை மாற்ற வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் இருக்கிறதா? இல்லை. கடற்கரைக்கு வந்துசேரும் நேரம் பதினொன்று ஐம்பது. உச்சி வெயிலில் அந்த மணலில் கால் வைக்கிறதும் கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போடுகிறதும் ஒன்று. சனிக்கிழமை அந்நேரம் சவுக்கு மர நிழல் முழுவதையும் காலையிலேயே வந்த சனம் பாய் விரித்துப் பிடித்திருக்கும். "மணல் வீடு கட்டல், இருபத்தைந்து நிமிடம்" என்று போட்டிருக்கிறாய். படம் எடுக்க நாற்பது நிமிடம். மதியம் நண்டுக்கறிச் சாப்பாடு, இருபது நிமிடம்! நண்டுக்கு இருபது நிமிடமா? கோது உடைக்கவே அது காணாதே, தம்பி. ஒரு நண்டை மரியாதையாகச் சாப்பிட்டு முடிக்கத் தெரியாதவனாகவா நான் உன்னை வளர்த்தேன்?

இதெல்லாம் சின்ன விசயம். சிவப்புப் பேனை எட்டாவது வரியில் வந்துதான் நின்றது. "காலை 11.10, இணுவில் சந்தி: அம்மாவை ஏற்றல் (2 நிமிடம்)." அதற்குப் பிறகு கீழே, "மாலை 4.25, இணுவில் சந்தி: அம்மாவை இறக்கல் (1 நிமிடம்)." ஏற்ற இரண்டு நிமிடம் வேண்டுமாம், இறக்க ஒன்று போதுமாம். நான் என்ன வெங்காய மூட்டையா? மூட்டையைக்கூட வீட்டு வாசலில் கொண்டுவந்துதான் இறக்குவார்கள். சந்தியிலிருந்து எங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். வான் ஒழுங்கைக்குள் திரும்பினால் மூன்று நிமிடம். ஆனால் அடியில் ஒரு குறிப்பு: "நேரம் போதாமையால் வீட்டுக்கு வர முடியாது. குறை நினைக்க வேண்டாம்." உனக்கு உடனே அழைப்பு எடுத்தேன், ஞாபகம் இருக்கும். "நேரம் இல்லையம்மா, உங்களுக்கு விளங்கும்தானே" என்றாய். "ஓம் ஓம், விளங்குது" என்று வைத்துவிட்டேன். விளங்கியபடியால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மூன்று வருடமாக இதே கதைதான். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கதைக்கிறாய். மருந்து முடிய முதல் மருந்து அனுப்புகிறாய். யாழ்ப்பாணம் வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு நல்லூருக்குப் போகிறாய், ஐஸ்கிறீம் வாங்கித் தருகிறாய், பிள்ளையை என் மடியில் வைத்துப் படம் எடுக்கிறாய். பிறகு வாசல் கேற்றடியில் இறக்கிவிட்டுப் போகிறாய். இந்த முறை கேற்றும் இல்லை, சந்தியோடு சரி. மூன்று வருடத்தில் ஒரு நாள் நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, நீ சொன்னதும் இல்லை. நீ மெல்பேணுக்குப் போன பிறகு கேட்பதற்குச் சந்தியும் இராது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கடற்கரைப் பயணத்திலேயே தொடங்குகிறேன். போர் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். நீ மூன்றாம் வகுப்பு. உன் அப்பா ஒரு வானைப் பிடித்து எங்களையும் உன் பெரியம்மா குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போனார். புளிச்சாதம் கட்டி, கத்தரிக்காய் பொரித்து, எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பெரிய பிளாஸ்டிக் கானில் நிரப்பிக்கொண்டு போனோம். வேறு இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் சொல்வார்கள். கான் மணலில் சரிந்து தண்ணீர் முழுவதும் போய்விட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மனுசி பார்த்துவிட்டு, தன் கொட்டிலுக்குள் ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தா. "பிள்ளைக்குக் குடுங்கோ, முகமெல்லாம் சிவந்துபோச்சு" என்றா. நான் கையை நீட்டவில்லை. "வேண்டாம், அவனுக்குத் தடிமன், மூக்காலை ஓடுது. தண்ணி குடுக்கக் கூடாது" என்றேன்.

"எனக்குத் தடிமன் இல்லையே அம்மா!" என்று நீ பெலத்துச் சொன்னாய். நான் உன் துடையில் கிள்ளினேன். அந்த மனுசி செம்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டா. வரும் வழியில் நீ துவண்டுபோய் அப்பாவின் மடியில் கிடந்தாய். பட்டணத்துக்குள் வந்ததும் அவர் வானை நிறுத்திச் சோடா வாங்கித் தந்தார், நீ குடித்த வேகத்திலேயே சத்தி எடுத்தாய். அப்பா என்னைப் பார்த்து, "அவனுக்கும் தாகம், உமக்கும் தாகம். ஆரைக் காப்பாத்தினனீர்?" என்று கேட்டார். எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார் என்று இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. கேள்விக்குப் பதில் யோசிக்கவே இல்லை.

எங்கள் ஆட்கள் தோட்டம் செய்கிறவர்கள். கடலில் தொழில் செய்கிறவர்களின் வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்று என்னை வளர்த்தார்கள். அதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் சண்டை வரும், வெட்கம் வரும். அதற்குப் பதிலாக எங்களிடம் நல்ல மரியாதையான வார்த்தைகள் இருக்கின்றன. "இப்பதான் குடிச்சிட்டு வாறன்." "வயிறு சரியில்லை." "பிள்ளைக்குத் தடிமன்." "இண்டைக்கு விரதம்." கேட்கிறவர்களுக்கும் பொய் என்று தெரியும், சொல்கிறவர்களுக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டே சொல்வோம், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். படித்தவள், நாலு பிள்ளைகளுக்கு நல்லது சொல்லிக் கொடுத்தவள் என்று பெயர் எடுத்த நானும் இதைத்தான் செய்தேன்.

நீ கடல் தொழில் செய்கிற வீட்டு மேகலாவைக் கட்டப்போகிறேன் என்றபோது நான் மறுக்கவில்லை. அதை நீயும் மறுக்க மாட்டாய். உன் அப்பா போய் ஒரு வருடம், எனக்கு உன்னை விட்டால் ஆர்? கலியாணம் கொழும்பு மண்டபத்தில் நடந்தது, சமைத்தது ஆர் எவர் என்று தெரியாத சாப்பாடு, நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மண்டபத்தில் சாப்பிட்டால் பரவாயில்லை, வீட்டில் சாப்பிட்டால்தான் தீட்டு! என்ன ஞாயம் இது என்று இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பிறகு ஆரணியின் முதலாவது பிறந்த நாளுக்கு, பருத்தித்துறைப் பக்கம் உன் மாமியின், மேகலாவின் தாயின், வீட்டுக்கு என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனாய். கடலைப் பார்த்த வீடு. எனக்கென்று அந்த மனுசி புதுச் சட்டி, புதுப் பானை, புது அகப்பை வாங்கி, மீன் மச்சம் படாத அடுப்பில், ஏழு கறியோடு மரக்கறிச் சமையல் சமைத்து வைத்திருந்தா. வாழையிலையைக்கூடக் கழுவித் துடைத்துப் போட்டுவிட்டா. நான் இலைக்கு முன்னால் இருக்கவே இல்லை. "இண்டைக்கு எனக்கு விரதம்" என்றேன். "பால் எண்டாலும் குடியுங்கோவன் ரீச்சர்" என்றா. வேண்டாம் என்றேன். "தண்ணி?" என்றா. அதற்கும் தலையாட்டினேன். அன்றைக்குப் புதன்கிழமை, தம்பி. புதன்கிழமை என்ன விரதம்? உன் மாமி கேட்கவில்லை. மேகலா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் நீயும் ஒருவேளை மன்னித்திருப்பாய். என் வயிறு விடவில்லை. காலையில் இருந்து பட்டினி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட வரும்போது தலை சுற்றியது. காரை நிறுத்தச் சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் நின்று இரண்டு வடையும் ஒரு பிளேன்ரீயும். உன் மாமி "அம்மா விரதம் முடிச்சாப் பிறகு குடுங்கோ" என்று கட்டித்தந்த வடைப் பொதி காரின் பின்சீற்றில் இருந்தது. அது எனக்கும் தெரியும். நீ இறங்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாய். வீட்டுக் கேற்றடியில் அந்தப் பொதியை என் கையில் வைத்து, "விரதம் முடிஞ்சுதுதானே" என்றாய். அவ்வளவுதான். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். நீ கத்தவில்லை. அன்று திரும்பிப் போனவன்தான். அந்தப் பொதியை நான் என்ன செய்தேன் என்று மூன்று வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வளவு ஆட்டுக்குப் போட்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நான் மட்டுமா குற்றவாளி? "நேரம் போதாமையால் வீட்டுக்கு வர முடியாது." நாற்பது நிமிடம் படம் எடுக்க நேரம் இருக்கிறவனுக்கு மூன்று நிமிடம் ஒழுங்கைக்குள் திரும்ப நேரம் இல்லையா? நான் விரதம் என்றேன், நீ நேரமில்லை என்கிறாய். அதே பொய், அதே மரியாதை, அதே சிரிப்பு. என் பிள்ளைதான் நீ, வேறு ஆரும் இல்லை. என்னுடைய மூக்கு உனக்கு வரவில்லை, இந்தக் குணம் மட்டும் அச்சொட்டாக வந்துவிட்டது. "அம்மா, நீங்கள் என்ரை மனிசியின்ரை தாயை அவமானப்படுத்தினனீங்கள், அதாலை உங்கடை வீட்டிலை கால் வைக்க மாட்டன்" என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாமே! மூன்று வருடம் நல்லூர் ஐஸ்கிறீமைத் தந்து என்னை ஏமாற்றினாயே. எனக்கு அந்த ஐஸ்கிறீம் தொண்டையில் இறங்கினதில்லை, தெரியுமா?

உன் திட்டம் வந்தது வியாழக்கிழமை. அடுத்த நாள் காலையில் முழுகிவிட்டுக் கந்தசுவாமி கோயிலுக்கு வெளிக்கிட்டேன். நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமை எனக்கு விரதம், இது உண்மையான விரதம். பகல் முழுவதும் ஒன்றும் இல்லை, பின்னேரம் கோயிலால் வந்துதான் ஒரு நேரச் சோறு. ஆனால் கோயிலுக்குப் போகவில்லை. கால் சந்திக்குப் போனது. நீ சொன்ன இடத்தில் நின்று பார்ப்போம், இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு என்று பார்ப்போம் என்று ஒரு விசர் யோசனை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பழைய தபாற்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன ரீச்சர், சந்தியிலை நிக்கிறியள்? எங்கை பயணம்?" என்று கேட்டார். நீ ஏற்ற வருகிற சனிக்கிழமையும் கேட்கத்தான் போகிறார். "மகன் வந்து ஏத்துவான்" என்று சொல்லிப் பழக வேண்டும் என்று நினைத்தேன். நாக்குத் திரும்பவில்லை. மகன் ஏன் வீட்டுக்கு வராமல் சந்தியில் ஏற்றுகிறான் என்று அந்த மனுசன் கேட்காது, முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும். அது கேட்பதை விட மோசம். அந்நேரம் யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பட்டணத்தில் இறங்கிப் பருத்தித்துறை பஸ் பிடித்தேன்.

வல்லை வெளியில் அடித்த காற்றில் திருநீறு, பொட்டு எல்லாம் போய்விட்டது. உன் மாமியின் வீட்டுக் கேற்றைத் தள்ளிக்கொண்டு போனபோது அவ கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு, "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்றா. இருந்தேன். உன் சுகம் கேட்டா, பிள்ளையின் சுகம் கேட்டா, மெல்பேணில் குளிரோ என்று கேட்டா. அரை மணித்தியாலம் போனது. தேத்தண்ணி என்று ஒரு வார்த்தை வரவில்லை. தம்பி, யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய் அரை மணித்தியாலம் இருந்து, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று ஒருவர் கேட்காமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். நாக்கு மேல் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் நானே, "கொஞ்சம் தண்ணி தாருங்கோ" என்று கேட்டேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விரதமாயிருப்பியள் எண்டுதான் கேக்கேல்லை, ரீச்சர்" என்றா.

விரதம்தான்! வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வீட்டில் நான் உண்மையைச் சொல்லலாம், ஆனால் சொல்ல முடியாது. அந்த வார்த்தையை ஒரு புதன்கிழமை நானே நாசமாக்கி வைத்திருந்தேன். "இல்லை. இண்டைக்கு விரதம் இல்லை. பசிக்குது" என்றேன். அவ எழும்பினா. உள்ளே போய்க் காலையில் அவித்த பிட்டும், அப்போதுதான் இறக்கிய மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தா. புதுச் சட்டி இல்லை, வாழையிலை இல்லை, அவர்கள் தினம் சாப்பிடுகிற பீங்கான் தட்டு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் மீன். முருகா, நீயே பார்த்துக்கொள் என்று வாயில் வைத்தேன். இரண்டாவது வாய்க்கு மேல் என்னால் பொய்யோடு சாப்பிட முடியவில்லை. "அண்டைக்கு எனக்கு விரதம் இல்லை" என்றேன்.

"தெரியும். புதன்கிழமை" என்றா. பிறகு, "அந்த வடையாவது சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டா. அதிகாலை எழும்பி உளுந்து ஆட்டினவ கேட்கிறா. "ஆட்டுக்குப் போட்டன்" என்றேன். ஒளிக்கவில்லை. அவ குழம்புச் சட்டியை மூடினா, திறந்தா, மறுபடி மூடினா. "ஆடு எண்டாலும் நல்லாயிருக்கு எண்டு சொல்லிச்சோ?" என்றா. அவ சிரிக்கவில்லை. நான்தான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன், பிட்டுக் கையோடு, சின்னப் பிள்ளை மாதிரி. அழுகிறவளுக்கு அவ ஆறுதல் சொல்லவில்லை. "நான் அதை மறக்க மாட்டன் ரீச்சர். குழம்பு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றா. சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கை ருசிக்கு முன்னால் நான் வைக்கிற குழம்பு கழுநீர்த் தண்ணி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு உன் மாமா வந்தார். உன் திட்டத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "காலமை பத்து மணிக்குப் பிறகு கடல் பாக்கப் போறவனுக்கு விசர்" என்றார். அவர் வீட்டுக்கு நேர் முன்னால், கல்லுக்குள் கட்டி நிற்கிற முழங்கால் தண்ணீரில் ஆரணியை இறக்குவாராம். அலை வராதாம். மேகலாவையும் அதில்தான் இறக்கிப் பழக்கினாராம். விடிய ஆறரைக்குப் பிள்ளை அங்கே நிற்க வேண்டும் என்றார். மாமி நண்டு வைப்பா, இருபது நிமிடத்தில் எழும்பினால் அடிப்பா.

அதனால் உன் திட்டத்தைக் கிழித்து எறி. வெள்ளிக்கிழமை காலை கொழும்பில் றெயில் ஏறு. பின்னேரத்துக்குள் யாழ்ப்பாணம். வீட்டுக்கு வா. அன்று எனக்கு விரதம், உண்மையான விரதம், நம்பச் சொல்லி மேகலாவுக்குச் சொல்லு. இரவு உன் அறையில் படு, மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி வைத்திருக்கிறேன். விடிய எல்லாருமாகக் கடலுக்குப் போவோம். அங்கே சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு இங்கே திரும்பி வருவோம். அவர்களைக் கூப்பிட்டேன். உன் மாமி உடனே ஓம் என்று சொல்லவில்லை. "முதலிலை என்ரை மருமோன் அந்தப் படி ஏறட்டும். அதுக்குப் பிறகு நாங்கள் ஏறுறம்" என்றா. ஞாயமான கதை. ஆகவே இப்போது எல்லாம் உன் காலில் இருக்கிறது. நீ சந்தியோடு திரும்பினால் அவர்களும் வரமாட்டார்கள். நீங்கள் பிளேன் ஏறிவிடுவீர்கள். இந்த வீட்டில் நான் குற்றவாளியாகவே இருந்து சாவேன்.

மேகலா, பிள்ளை, இது உனக்கு. உன்னுடைய தாய் எனக்கென்று புதுச் சட்டி வாங்கிச் சமைத்ததை நான் தட்டிவிட்டேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். அது பிழை. பழக்கம், வளர்ப்பு என்று அதற்கு நான் சாட்டுச் சொல்லவில்லை. என்னை மன்னிக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் உன் தாயைப் போல, மறக்காமல் வைத்துக்கொண்டே ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்க வா.

தம்பி, போகிற நாட்டிலும் உனக்கு ஆட்கள் தேத்தண்ணி தருவார்கள், என்ன சாதி என்ன மொழி என்று தெரியாத ஆட்கள். வாங்கிக் குடி. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லு. பொய் விரதம் மட்டும் பிடிக்காதே, என் பிள்ளை என்று அதில் தெரிந்துபோகும். எட்டாவது வரியைச் சிவப்பால் வெட்டிவிட்டேன். அந்தச் சந்தியில் நான் நிற்க மாட்டேன். கேற்றைத் திறந்து வைத்துவிட்டு, தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் ஏற்றிவிட்டு இருப்பேன். படியேறி வந்து, தருகிறதை வாங்கிக் குடி. "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, ராசா.

அம்மா